மெஷினுக்கு நெற்றி எது?

எங்கள் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பூப்படத்தோடு வணக்கம், ஆறேகாலுக்குச் சண்டை. நாடு உருப்படுமா, உருப்படாதா என்பதுதான் வழக்கு. ஞானப்பிரகாசம் சார் உருப்படாது என்பார். பெரியவர்களிடம் பயம் போய்விட்டது, வீட்டில் கட்டுப்பாடு போய்விட்டது, அதோடு எல்லாம் போய்விட்டது என்பது அவர் கட்சி. பரந்தாமன் சார் உருப்படும் என்பார். பெண்கள் படிக்கிறார்கள், ஆட்கள் கேள்வி கேட்கிறார்கள், எங்கே கெட்டிருக்கிறதோ அங்கே அமைப்புதான் கெட்டிருக்கிறது, அதைச் சரி செய்தால் மனிதன் தானாகச் சரியாவான் என்பது இவர் கட்சி. பத்திரிகைக்காரர்கள் ஒருவரைப் பழமைவாதி என்றும் மற்றவரைத் தாராளவாதி என்றும் எழுதுவார்கள். எங்கள் லைனில் அவ்வளவு பெரிய பெயர் தாங்காது. ஒருவர் ‘அந்தக்கால சார்’, இன்னொருவர் ‘சிஸ்டம் சார்’. அவ்வளவுதான்.

போன வாரம் தினேஷ் போன் செய்தான். நான் உட்கார்ந்திருந்த தரப் பிரிவில் இப்போது வேலை பார்ப்பவன், எங்கள் குழுவை ஆரம்பித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

“சார், ரெண்டு பேரும் உங்களத்தான் சாட்சிக்குக் கூப்புடுறாங்க. நீங்க ஒரு கட்டைவிரல்கூட போட மாட்றீங்க. நீங்க இன்னா கட்சி சார்?”

பதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. அழித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். ஊர் வாலாஜாபாத். காஞ்சிபுரத்தில் டிப்ளமா, அம்பத்தூரில் ஏழு வருடம் லேத்தும் மைக்ரோமீட்டருமாகக் காலம் தள்ளல். அப்புறம் ஒரகடம் பக்கம் வயலெல்லாம் காம்பவுண்டு சுவராக மாறியபோது, கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும் என்ற ஒரே காரணத்துக்காக இங்கே வந்து சேர்ந்தேன். லட்சியம், கனவு என்றெல்லாம் சொல்ல ஆசைதான். உண்மை பஸ்தான். கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்பு பிராக்கெட்டுகளைச் செய்கிற தொழிற்சாலை. இருபத்தோரு வருடம் அதன் தரப் பிரிவில் இருந்தேன். எங்கே தப்பு நடந்தாலும் அது ஏன் நடந்தது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை.

அதற்கு ஒரு படிவம் உண்டு. ‘ஒய்-ஒய்’ என்போம். ஐந்து கட்டங்கள். முதல் கட்டத்தில் தப்பு ஏன் நடந்தது என்று எழுத வேண்டும். எழுதிய பதிலுக்கு மறுபடி ஒரு ஏன். அந்தப் பதிலுக்கு இன்னொரு ஏன். ஐந்தாவது ஏனில் மூல காரணம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்பது நம்பிக்கை. பக்கத்தில் இன்னொரு பத்தி: திருத்தும் வழி, பொறுப்பு யார், எந்தத் தேதிக்குள்.

ஞானப்பிரகாசம் சார் உற்பத்தி மேலாளர். மண்ணூர்க்காரர். காலை எட்டு பத்துக்கு லைனில் நடக்க ஆரம்பித்தால் முதலில் பார்ப்பது மெஷினை அல்ல, ஆட்களின் காலை. “ஷூ லேஸு கட்டத் தெரியாதவன் நட்டு இன்னாத்த டைட் பண்ணுவான்?” என்பார். குரலில் கோபம் இருக்காது, வருத்தம்தான் இருக்கும். அதனாலேயே ஆட்கள் பயப்படுவார்கள். பரந்தாமன் சார் தர மேலாளர், எனக்கு நேர் மேலதிகாரி. அவர் கூட்டத்தில் ‘யார்’ என்ற சொல்லுக்குத் தடை. யாராவது வாய் தவறி ‘இது யார் செஞ்சது’ என்று ஆரம்பித்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். “யார்னு கேக்காதீங்க. ஏன்னு கேளுங்க.” அந்தக் கண்ணாடி மேஜைக்குப் போனாலே எங்களுக்குத் திரும்ப முதலிலிருந்து பேச வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஒருமுறை பிரஸ் மெஷினுக்குக் கீழே எண்ணெய் சிந்தி ஒருவர் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஒய்-ஒய் எழுதி என்னிடம் தந்தார்கள். ஞானப்பிரகாசம் சாருடையது இப்படிப் போனது: குழாய் இறுக்கப்படவில்லை. ஏன்? இறுக்கியவன் கவனம் போனில். ஏன்? கண்டிக்க ஆளில்லை. ஏன்? வீட்டில் அப்பா சொல் எடுபடவில்லை. ஏன்? கூட்டுக் குடும்பம் கலைந்துவிட்டது. பரந்தாமன் சாருடையது: குழாய் இறுக்கப்படவில்லை. ஏன்? அட்டவணையில் இல்லை. ஏன்? அட்டவணை போட ஆள் இல்லை. ஏன்? பயிற்சி பெற்றவர்கள் கிடைக்கவில்லை. ஏன்? நாட்டின் கல்வித் திட்டம் சரியில்லை. எனக்கு முதல் நான்கு கட்டங்களில் சிக்கல் இல்லை. பக்கத்துப் பத்தியில்தான் திண்டாட்டம். கூட்டுக் குடும்பத்தை யார் பொறுப்பில், எந்தத் தேதிக்குள் சேர்த்துவைப்பது? கல்வித் திட்டத்தை அடுத்த வெள்ளிக்குள் மாற்ற நம் பராமரிப்புப் பிரிவால் முடியுமா? கடைசியில் ‘குழாய்க்குப் புது கிளிப்’ என்று எழுதி அனுப்பினேன். எண்ணெய் அதன்பின் சிந்தவில்லை.

கெடுவதற்கு மட்டுமல்ல, நல்லதுக்கும் இருவரிடமும் விளக்கம் தயாராக இருக்கும். ஒரு வருடம் கழிவு பாதியாகக் குறைந்தது. காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி உறுதிமொழி சொல்ல வைத்ததன் பலன் என்றார் ஞானப்பிரகாசம் சார். ஆபரேட்டர்களே யோசனை சொல்லலாம் என்று பெட்டி வைத்ததன் பலன் என்றார் பரந்தாமன் சார். இரண்டு பேரும் தனித்தனியாகத் தலைமை அலுவலகத்துக்குப் படம் போட்டு விளக்கினார்கள், கைதட்டும் வாங்கினார்கள். தகடு தருகிறவரை மாற்றியிருந்தோம், புதுத் தகடு நல்ல தகடு. அது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பெரிய மனிதர்கள் சண்டை போடும்போது நடுவில் நின்று வேடிக்கை பார்க்கிறவனுக்கு ஒரு கர்வம் வரும். இவர்களைவிட நமக்கு விவரம் அதிகம் என்ற கர்வம். எனக்கு அது நன்றாகவே வந்திருந்தது.

இனி ரேவதி கதை.

ரேவதி வடக்குப்பட்டுப் பெண். பயிற்சியாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் முடியப் போகிறது. அடுத்த மாதம் நிரந்தரக் கடிதம் வர வேண்டும். அவள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருந்தது, லைன் முழுக்கத் தெரிந்த ஒப்பந்தம்: நிரந்தரமானால் வேலை, ஆகாவிட்டால் மாமன் மகனுக்குக் கல்யாணம். “மாமா பையன் நல்லவன்தான் சார். எனக்குத்தான் அவன் வேணாம்,” என்று சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சொல்வாள். வெல்டிங் மெஷினில் வேலை. பிராக்கெட்டில் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்யும் மெஷின் அது. நட் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஒரு சென்சார். விரல் நுனி அளவு கண்ணாடிக் கண். வெளிச்சம் அடித்து, அது திரும்பி வந்தால் நட் இருக்கிறது, பச்சை விளக்கு. வராவிட்டால் நட் இல்லை, சிவப்பு விளக்கு, மெஷின் பூட்டிக்கொள்ளும்.

ஆயுத பூஜைக்கு முந்தின வேலை நாளில் மெஷின்களுக்குப் பூஜை போடுவோம். ஞானப்பிரகாசம் சார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பூஜையன்று முன்னால் நின்று பூசணிக்காய் உடைக்கச் சொல்பவரும் அவர்தான். “எந்த சாமியா இருந்தா இன்னாப்பா, மெஷின்கிட்ட ஒரு மரியாதை இருக்கணும்,” என்பார். பரந்தாமன் சார் பெயரைத் தவிர சாமியோடு வேறு சம்பந்தம் வைத்துக்கொள்ளாதவர். பூஜை நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெயில் பார்ப்பார். ஆனால் பொரியும் சுண்டலும் அறைக்கு வந்தாக வேண்டும்.

அந்த வருடமும் அப்படித்தான். துடைத்தோம், மாலை போட்டோம், சந்தனமும் குங்குமமும் வைத்தோம், விடுமுறைக்குப் போனோம். வியாழக்கிழமை லைன் ஓடத் தொடங்கியது. திங்கட்கிழமை காலை கஸ்டமரிடமிருந்து போன். நட் இல்லாத பிராக்கெட்டுகள் வந்திருக்கின்றன. சீட்டை முடுக்கப் போனால் முடுக்க இடம் இல்லை. அவர்கள் லைன் நின்றுவிட்டது.

கஸ்டமர் லைன் நிற்பது எங்கள் உலகத்தில் சாவு வீட்டுக்குச் சமம். யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். கிடங்கில் இருந்த எல்லாப் பெட்டிகளுக்கும் மஞ்சள் நாடா கட்டினோம். இருபது பேர் உட்கார்ந்து ஒவ்வொரு பீஸாகத் திருப்பிப் பார்த்தார்கள். நட் இல்லாதவை சிவப்புத் தொட்டியில் விழும் சத்தம் ‘டங், டங்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் வெல்டிங் மெஷினிடம் போனேன். நட் வைக்காமல் ஓட்டினேன். பச்சை. மறுபடி ஓட்டினேன். பச்சை. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். சென்சார் கண் மேல் காய்ந்து கெட்டித்த ஏதோ ஒன்று. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். நடுவில் பொட்டளவு குங்குமம். அடித்த வெளிச்சம் சந்தனத்தில் பட்டே திரும்பி வந்துகொண்டிருந்தது. பாவம், மெஷின் தன் நெற்றிப் பொட்டைப் பார்த்து, நட் இருக்கிறது, நட் இருக்கிறது என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். கண்ணாடி அறை. இரண்டு மேலாளர்கள், குறிப்பெடுக்க நான், எதிரே நின்றுகொண்டு ரேவதி. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

“பொட்டு வச்சது நீயாம்மா?” என்று கேட்டார் ஞானப்பிரகாசம் சார்.

“நான்தான் சார்.”

“கண்ணுல போயி எவனாவது பொட்டு வப்பானா?”

“கண்ணுன்னு தெரியாது சார். அதுதான் மேல, நடுவுல, பளபளன்னு இருந்துது. நெத்தின்னு நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். “மெஷினுக்கு நெத்தி எது சார்?”

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“பாத்தீங்களா?” பரந்தாமன் சார் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் பொண்ணை விடுங்க. பூஜையே வேணாம்னு எத்தனை வருஷமா சொல்றேன். சென்சார் இருக்கிற காலத்துல சந்தனம் எதுக்கு?”

“பூஜ இன்னா சார் பண்ணுச்சு? எங்க தாத்தா பொங்கலுக்கு மாட்டுக்குக் கொம்புல பெயின்ட் அடிச்சாரு. கண்ணுலயா அடிச்சாரு? செய்யறத ஒழுங்கா செய்யணும். அந்தக் காலத்துல…”

“அந்தக் காலத்துல மாட்டுக்கு சென்சார் இல்ல.”

இப்படிக் கால் மணி நேரம். பிறகு ஞானப்பிரகாசம் சார் அவள் பக்கம் திரும்பினார். தினமும் ஷிப்டு தொடங்கும்போது சிவப்புப் பெயின்ட் அடித்த, நட் இல்லாத ஒரு மாதிரி பீஸைப் போட்டு, மெஷின் அதைத் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துச் செக் ஷீட்டில் குறிக்க வேண்டும். அதுதான் சட்டம்.

“வியாழக்கெழம செகப்பு பீஸு போட்டுப் பாத்தியா இல்லியா?”

“பாத்தேன் சார்.”

“பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே?”

ரேவதி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அப்படியே குறிப்பும் எடுத்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்க்காமலே டிக் போடுகிறார்கள் என்று மனதுக்குள் ஒரு வரி ஓடியது. அது ஞானப்பிரகாசம் சார் வரி, ஆனால் என் மனதில்தான் ஓடியது.

அவளை வெளியே அனுப்பிவிட்டு முடிவெடுத்தார்கள். ஞானப்பிரகாசம் சார் முடிவு எளிது: கவனக்குறைவு, அதற்கு மேல் பொய், அனுப்பிவிடலாம். பரந்தாமன் சார் யாரையும் தண்டிக்க மாட்டார், அது அவர் கொள்கை. ஆகவே அவர் முடிவு வேறு: தப்பு அமைப்பினுடையது, பயிற்சியாளரை முக்கியமான மெஷினில் நிறுத்தியதே தப்பு, ஆகவே இனி பயிற்சியாளர்கள் அங்கே கூடாது, அந்த இடத்துக்கான நிரந்தரக் கடிதங்களையும் நிறுத்திவைக்கலாம். ஒருவர் ஒழுக்கத்தின் வழியாகப் போனார், இன்னொருவர் அமைப்பின் வழியாகப் போனார். இரண்டு வழியும் அவளைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டன. அறிக்கை முடியும் வரை அவள் வர வேண்டாம், மூன்றரைக்கு ஷிப்டு விடும்போது அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட் காவலுக்குப் போனில் சொல்லிவிட்டு இருவரும் எழுந்தார்கள்.

நான் என் மேஜைக்கு வந்து ஒய்-ஒய் படிவத்தை எடுத்தேன். நட் இல்லாத பீஸ் ஏன் வெளியே போனது? சென்சார் பார்க்கவில்லை. ஏன்? சந்தனம். ஏன்? எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான்காவது கட்டம்: முதல் நாளே ஏன் கண்டுபிடிக்கப்படவில்லை? இதற்கு ஆதாரமாகச் செக் ஷீட்டின் நகலை இணைக்க வேண்டும். அலமாரியைத் திறந்து அந்த மாதக் கோப்பை எடுத்தேன்.

வெள்ளி, டிக். சனி, டிக். இரண்டு நாளும் வேறு ஆட்கள். வெள்ளி முதல் ஆள் குறைவென்று ரேவதியைப் பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார்கள். வியாழன் முதல் ஷிப்டு, ஆபரேட்டர் ரேவதி. அங்கே டிக் இல்லை. பெருக்கல் குறி. நீல மையில், கட்டம் கொள்ளாத அளவு பெரிதாக. பக்கத்தில் சின்னதாக, ‘சிவப்பு பீஸ் போட்டால் பச்சை எரிகிறது’.

அதற்கும் பக்கத்தில், தரப் பிரிவு பார்த்துச் சரி செய்ய வேண்டிய கட்டத்தில், ஒரு கையெழுத்து. ‘ஏகாம்பரம்’ என்று கடைசி எழுத்தை இழுத்து, கீழே இரண்டு புள்ளி வைக்கிற கையெழுத்து. ஊரில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

மணி பன்னிரண்டு. கேன்டீன் மணி அடித்தது நினைவிருக்கிறது.

அப்போது என் மனதில் முதலில் என்ன வந்தது தெரியுமா? வெட்கம் வந்தது என்று சொல்ல ஆசை. வந்தது கணக்கு. இருபத்தெட்டு மெஷின், மூன்று ஷிப்டு, தினம் எண்பத்துநான்கு ஷீட். மதியம் மொத்தமாகக் கட்டாக வரும். பேனாவைத் திறந்தால் கடைசி ஷீட் வரை மூட மாட்டேன். எந்த மனிதனால் எண்பத்துநான்கையும் படிக்க முடியும்? விடுமுறை முடிந்த நாள் வேறு. வேலையைப் பங்கு போட ஆள் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று? இப்படி எனக்கு வேண்டிய அத்தனை ஏன்களும் மளமளவென்று வந்து நின்றன. இரண்டு மணி நேரம் முன்பு அந்தப் பெண்ணுக்கு ஒரு ஏன்கூட எனக்குத் தோன்றவில்லை.

கோப்பை மூடினேன். சாப்பிடப் போனேன். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. சாப்பிட்டேன்தான். திரும்பி வந்து கோப்பைத் திறந்தேன், மூடினேன். காலி ஷீட் ஒரு கட்டு அலமாரியிலேயே இருந்தது. பெருக்கல் இல்லாத ஷீட் ஒன்றை எழுதிக் கோப்பில் மாற்றி வைத்துவிடலாம். எடுக்கவில்லை, ஆனால் எண்ணிப் பார்த்தேன். அன்று நாலரை பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை படிவத்தை முடித்தாக வேண்டும். நான்காவது கட்டத்தில் பேனாவை வைத்தேன். முதல் நாளே ஏன் கண்டுபிடிக்கப்படவில்லை? இதற்கு நான் எழுதப் போகிற எதுவும் பொய். ஏனென்றால் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தத் தொழிற்சாலையில் ஒரே ஒருத்தி சிவப்புப் பீஸைப் போட்டுப் பார்த்து, சட்டப்படி எழுதியும் வைத்தாள். இருபத்தோரு வருடத்தில் எத்தனையோ பேர் தப்பை எழுதியிருக்கிறேன். சரியாகச் செய்தவளின் பெயரில் தப்பை எழுத அன்று என்னால் முடியவில்லை. ஷீட்டை எடுத்துக்கொண்டு போய் இரண்டு மேலாளர்கள் முன்னால் வைத்தேன்.

ஞானப்பிரகாசம் சார் ஷீட்டைப் படித்தார். என் தோளில் கை வைத்தார்.

“ஏகாம்பரம், ஒரு நாளிக்கு எத்தினி ஷீட்டுப்பா வருது உனுக்கு?”

“எண்பத்துநாலு சார்.”

“எம்பத்திநாலு! எவனால படிக்க முடியும்? நீ எவ்ளோ வருசமா கீற, ஒரு கற உண்டா? இது உன் தப்பு இல்லப்பா. சிஸ்டம் சரியில்ல.”

அந்தச் சொல்லை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன்.

பரந்தாமன் சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதன் வழியாகவே என்னைப் பார்த்தார். நான் அவர் பிரிவு ஆள். தப்பு உற்பத்திப் பிரிவிலிருந்து அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, என்னைத் தூரத் தள்ளினால்தான் அது உள்ளே வராது.

“யாரு கையெழுத்து இது?” என்றார். “நாங்க வேலைக்கு சேந்த காலத்துல கையெழுத்துன்னா அதுக்கு ஒரு மரியாதை இருந்துது ஏகாம்பரம். பொறுப்புன்னு ஒண்ணு இருந்துது.”

“அட, சும்மா இருங்க சார். ஒரு மனுசனப் போயி…”

“இல்ல சார், ஒழுக்கம் மேல இருந்துதான் வரணும்.”

இருவரும் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், இருவருக்கும் அது தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடித்துக் காட்டிச் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் நானும் அதையேதான் செய்திருந்தேன்.

தினேஷ், நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதானப்பா. கட்சி என்று எதுவும் நிலையாக இல்லை. தூரத்தில் இருப்பவன் தப்பு செய்தால் நாம் எல்லோரும் ஞானப்பிரகாசம். நம் ஆளோ நாமோ செய்தால் எல்லோரும் பரந்தாமன். அந்த இரண்டு பேருமே இதற்கு விலக்கில்லை. நாடு உருப்படுமா என்று எனக்குத் தெரியாது. அடுத்தவனுக்கும் நமக்குச் சொல்கிற அதே ஏன்களைச் சொல்லிப் பார்த்தால் ஒரு லைனாவது உருப்படும் என்று தெரியும்.

அறிக்கையில் ‘ஆபரேட்டர் கண்டுபிடித்தார், கையெழுத்திட்டவர் படிக்கவில்லை’ என்று எழுதினேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஷீட்டுகள் மேஜைக்கு வருவது நின்றது. மெஷினிடமே போய்ப் பார்த்துத்தான் கையெழுத்து. பெருக்கல் போட்டால் உடனே போன். பூஜையை நிறுத்தவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் சென்சாருக்கு எட்டாத தூரத்தில் மஞ்சள் வட்டம் ஒட்டி, ‘பொட்டு இங்கே’ என்று எழுதினோம். மரபு பிழைத்தது என்று ஒருவருக்குச் சந்தோஷம், முறைப்படுத்தியாயிற்று என்று இன்னொருவருக்குச் சந்தோஷம். அடுத்த தணிக்கைக்கு வந்த கஸ்டமர் கம்பெனி அதிகாரி அந்த வட்டத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். “நெற்றி சார்,” என்றேன். குறித்துக்கொண்டார். என்ன குறித்தாரோ தெரியாது.

ரேவதியைப் புதன்கிழமை மதியமே திரும்ப அழைத்தார்கள். அடுத்த மாதம் கடிதமும் வந்தது. மாமன் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள், நல்ல சாப்பாடு போட்டார்கள், நானும் போயிருந்தேன். கடிதம் வந்த அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் அவளைத் தனியாகப் பார்த்தேன். நெடுநாளாகக் கேட்க வேண்டும் என்றிருந்ததைக் கேட்டேன்.

“மீட்டிங்ல ஏம்மா வாயத் தொறக்கல? பெருக்கல் போட்டேன், இவர்தான் கையெழுத்து போட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே.”

“உங்களப் பாத்தேனே சார்.”

“பாத்த, சரி.”

“அன்னிக்கே டீம் லீடர்கிட்ட சொன்னேன். எழுதி வை, குவாலிட்டில பாத்துப்பாங்கன்னாரு. உங்க கையெழுத்தும் வந்துச்சு. சரின்னு ஓட்னோம். மீட்டிங்ல நீங்க சொல்லுவீங்கன்னுதான் பாத்தேன். நீங்க தலைய குனிஞ்சிகினு எழுதிகினே இருந்தீங்க. சாருக்குத் தெரிஞ்சிதான் கம்முனு கீறாரு போலன்னு நெனச்சிகினேன். அப்புறம் நான் சொன்னா எவரு சார் நம்புவாங்க?”

“இல்லம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது.”

“சரி சார். எனக்கும் அப்புறம் அப்டித்தான் தோணுச்சு,” என்று சிரித்தாள். முழுசாக நம்பிவிட்டாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அந்தச் சத்தியம் கூட்டம் நடந்த அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் செல்லும். ரேவதி இப்போது அங்கேயே தரப் பிரிவில் இருக்கிறாள், மெஷின் மெஷினாகப் போய்க் கையெழுத்துப் போடுகிறாள். இதைக் கட்டாயம் படிப்பாள். படிம்மா. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றரைக்கு நீ அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனதை, கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்று பார்த்தேன்.